கட்டைக்கும் தூளுக்கும் ஒரே சூடு

முழுதாக எரிந்தால் வரும் மொத்தச் சூடு (எரிதல் வெப்பம்) வேறு, வினை எவ்வளவு சீக்கிரம் நடக்கிறது (வினைவேகம்) என்பது வேறு. இவற்றில் தடுமாறிய கதையை நான்கு பேர் சொல்கிறார்கள்.

கடைசி பெஞ்ச்:
பிளஸ் டூ வகுப்பில் நான் அசடு வழிந்த நாள் இன்னும் நினைவிருக்கிறது. "ஒரு கிலோ விறகுக் கட்டை, அதே கட்டையை இழைத்த ஒரு கிலோ தூள். முழுசா எரித்தால் எதில் சூடு அதிகம்?" என்று ஐயா கேட்டார். "தூள்தான் ஐயா, குப்பென்று பிடிக்குமே" என்றேன். "குப்பென்று பிடிப்பது வேகம். நான் கேட்டது சூடு. உட்கார்."

என் மேல் மட்டும் தப்பில்லை. எரிதல் வெப்பத்தைப் பதினொன்றில் வெப்ப இயக்கவியலோடு முடித்துவிட்டார்கள், வினைவேகம் பன்னிரண்டில் வந்தது. இடையில் ஒரு கோடை விடுமுறை. இரண்டும் வேறு வேறு கேள்வி என்று யாரும் சொல்லவில்லை.

அப்புறம் ஐயாவே சர்க்கரைக் கட்டி ஒன்றை எடுத்தார். தீக்குச்சி காட்டினால் உருகிக் கருகுமே தவிர லேசில் பற்றாது. சாம்பலைத் தடவிக் காட்டினார், பற்றிக்கொண்டது. சாம்பல் வினையூக்கி, அதாவது தான் தீராமல் வினையை வேகப்படுத்தும் பொருள். நம் உடம்பிலோ நொதிகள் என்ற வினையூக்கிகள் 37 டிகிரியிலேயே இந்த வேலையை முடிக்கின்றன. எந்த வழியில் போனாலும் ஒரு மோல் (180 கிராம்) குளுக்கோஸ் முழுதாக எரிந்தால் வருவது சுமார் 2800 கிலோஜூல்தான். கிராமுக்குப் பிரித்தால் 3.7 கிலோகலோரி. பிஸ்கட் பாக்கெட்டில் போடும் கணக்கும் ஏறக்குறைய இதுதான்.

ஸ்பிரிட் விளக்கு:
நான் செய்தது திருட்டுத்தனம். எத்தனால் விளக்கால் 150 மில்லி தண்ணீரைச் சூடாக்கி எரிதல் வெப்பம் கண்டுபிடிக்க வேண்டும். 0.8 கிராம் எரிந்தது, தண்ணீர் 20 டிகிரி ஏறியது. தண்ணீரின் எடையையும் ஏறிய டிகிரியையும் தண்ணீரின் தன்வெப்பமான 4.18 ஆல் பெருக்கி, மோலுக்கு மாற்றினால் 720 சொச்சம் கிலோஜூல் வருகிறது. புத்தகத்தில் 1367! பதறிப்போய் 20 டிகிரியை 37 என்று திருத்தினேன். 1334 வந்தது, கன கச்சிதம்.

மேடம் நோட்டைப் பார்த்துவிட்டு, "பீக்கருக்கு மூடி இல்லை. தலைக்கு மேலே ஃபேன் ஓடுது. சூடு இம்மிகூட வெளியே போகலையா?" என்று கேட்டார். மானம் போயிற்று. பழைய 720-ஐயே எழுதச் சொல்லி, மீதிச் சூடு எங்கே போனது என்று ஒரு பக்கம் எழுத வைத்தார். காற்றுக்கு, பீக்கர் கண்ணாடிக்கு, கம்பி வலைக்கு, முக்காலிக்கு. சுடர் ஆடியதில் எரியாமல் ஆவியான எத்தனாலும் உண்டு. அந்த ஒரு பக்கத்தில் கற்றது மொத்தப் பாடத்தைவிட அதிகம் என்பேன்.

கல்லூரியில் எரிதல் வெப்பத்தை அளக்கும் பாம் கலோரிமீட்டரைப் பார்த்தபோதுதான் அதற்கு ஏன் அவ்வளவு தடித்த எஃகுக் கலம் என்று புரிந்தது. அழுத்தத்தில் ஆக்சிஜனை நிரப்பி, கலத்தையே தண்ணீருக்குள் மூழ்கடித்து, உள்ளே எரிக்கிறார்கள். வரும் சூடு கலத்துக்கும் சுற்றியுள்ள தண்ணீருக்கும்தான் போயாக வேண்டும். அதிலும் முதலில் கிராமுக்கு 26.4 கிலோஜூல் தரும் பென்சாயிக் அமிலத்தை எரித்து, கருவி எவ்வளவு சூடு வாங்குகிறது என்று கணக்கிட்டுக்கொள்கிறார்கள்.

யாழ் வாசி:
நாங்கள் உயர்தரத்தில் (இலங்கையின் 12, 13ஆம் வகுப்பு) வினைவேகத்தைத் தாக்க வீதம் என்று படித்தோம். சோடியம் தயோசல்பேற்றுக் கரைசலில் அமிலம் ஊற்றினால் கந்தகம் பிரிந்து கலங்கும். குடுவைக்குக் கீழே தாளில் போட்ட புள்ளடி (X குறி) மறையும் வரை நேரம் எடுப்போம். காலைக் குழுவுக்கு 52 செக்கன். அதே செறிவுக்கு எங்கள் மத்தியானக் குழுவுக்கு 38. கவனமில்லாமல் அளந்தோம் என்று சேரிடம் ஏச்சு வாங்கினோம்.

பிறகு ஒருத்தி, போத்தல்கள் காலையிலிருந்தே யன்னல் வெயிலில் நின்றதைக் கவனித்தாள். வெப்பமானியை விட்டால் காலையில் 27 இருந்தது 32 ஆகியிருந்தது. ஐந்து பாகை தானே என்று நினைப்போம். பத்துப் பாகை ஏறினால் வீதம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்ற கணக்கில் பார்த்தால் ஏறத்தாழ 37 வந்து நிற்கிறது, எங்கள் 38-க்குப் பக்கத்திலேயே. சேர் ஒன்றும் பேசாமல் அடுத்த கிழமை தண்ணீர்த் தொட்டி கொண்டுவந்து வைத்தார். தாக்கத்தில் வந்த கந்தகவீரொட்சைட்டு (சல்பர் டை ஆக்சைடு) மணத்துக்கு இருமியதுதான் மிச்சம்.

அடுப்படி:
எங்கள் வீட்டில் இந்தச் சண்டை தினமும். குக்கர் விசில் வந்ததும் அம்மா சிம்மில் வைப்பார், "கேஸ் மிச்சமாகும்" என்பார். நான் வேதியியல் படித்த திமிரில், "ஒரு கிராம் பியூட்டேனுக்குச் சுமார் 50 கிலோஜூல்தாம்மா, சிம்மில் எரிந்தாலும் அதேதான்" என்றேன். "அப்போ நீயே சமையேன்" என்று போய்விட்டார்.

யோசித்தால் அம்மா சொன்னதுதான் சரி. திறந்த பானையில் தண்ணீர் கொதித்த பிறகு தீயை எவ்வளவு கூட்டினாலும் 100 டிகிரிதான், அதிகச் சூடெல்லாம் ஆவியாகத்தான் போகும். அரிசி வேகும் வேகத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை, எரியும் கேஸின் அளவல்ல. குக்கரில் அழுத்தம் ஏறி 120 டிகிரி வரை போவதால் சீக்கிரம் வேகிறது. விசில் வந்தபின் அந்த 120-ஐக் காப்பாற்றச் சின்னத் தீ போதும்.

இதை அம்மாவிடம் விளக்கினேன். "இதைத்தானே நான் சொன்னேன்" என்றார்.