பொருள்: 'வயதுப் பரவல்' – மாற்றுச் சொல் வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம்.

தொற்றுநோயியல் சொற்பட்டியலில் 'ஏஜ் டிஸ்ட்ரிபியூஷன்' (எந்த வயதில் எத்தனை நோயாளிகள் என்பது) என்பதற்கு 'வயதுப் பரவல்' என்று போட்டிருக்கிறோம். இதை மாற்றியே ஆக வேண்டும். புள்ளியியலில் 'இயல்நிலைப் பரவல்' (நார்மல் டிஸ்ட்ரிபியூஷன்) என்றால் யாரும் தடுமாறுவதில்லை. ஆனால் நோயைப் பற்றிப் பேசும் இடத்தில் பரவல் என்றாலே ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கிருமி செல்வதுதான். 'ருபெல்லாவின் வயதுப் பரவல் மாறியது' என்றால் நோயாளிகளின் வயதுக் கணக்கு மாறியதா, எந்த வயதினர் யாருக்குத் தொற்ற வைக்கிறார்கள் என்பது மாறியதா?

ருபெல்லாவையே, அதாவது ஜெர்மன் தட்டம்மை எனப்படும் வைரஸ் நோயையே, எடுத்துக்கொள்வோம். பாதிக் குழந்தைகளுக்கு மட்டும் தடுப்பூசி போட்டால் கிருமியின் நடமாட்டம் குறையும், ஆனால் அற்றுப்போகாது. ஊசி போடாத குழந்தை சிறுவயதில் கிருமியைச் சந்திக்காமலே வளர்ந்து, குழந்தைப்பேற்று வயதில் சந்திக்கும். கருவுற்ற முதல் மாதங்களில் தொற்றினால் சிசுவுக்குக் கண், காது, இதயம் பழுதாகக்கூடும். கிரீஸில் 1980களில் தடுப்பூசி பாதிப் பேரைக்கூட எட்டவில்லை. 1993இல் ருபெல்லா பரவியபோது பெரியவர்கள் பலருக்கு வந்தது, அதைத் தொடர்ந்து பிறவிக் குறைபாடுகளும் கூடின. இதை ஒரே வரியில் சொல்ல இரண்டு சொல் வேண்டும்: பரவல் குறைந்தது, வயதுப் பரம்பல் மேலே நகர்ந்தது.

'பரம்பல்' என்பதே என் பரிந்துரை. இலங்கைப் பாடநூல்களில் 'சனத்தொகைப் பரம்பல்', 'மீடிறன் (நிகழ்வெண்) பரம்பல்' என நெடுநாள் பழகிய சொல் அது.

*

> 'பரம்பல்' என்பதே என் பரிந்துரை.

ஐயா, நோக்கம் சரி. ஆனால் ஈழத்து ஏடுகளில் 'நோய்ப் பரம்பல்' என்று தொற்றுவதையும் எழுதுகிறார்கள். குழப்பம் இடம் மாறுமே தவிரத் தீராது. இன்னொன்று: 'சீசனாலிட்டி'க்கும் (நோய் பருவத்துக்கேற்பக் கூடிக் குறைவதற்கும்) இதையே வைப்பதா? பட்டியலில் இப்போது 'பருவகால நோய்த்தன்மை' என்று இருக்கிறது.

*

அம்மா சொல்வது நியாயம். அதனால் ஒரு விதி வைப்போம்: பரம்பல் தனியே நிற்கக்கூடாது. வயது, பாலினம், இடம், பருவம் இவற்றில் ஒன்று முன்னால் வர வேண்டும். 'நோய்ப் பரம்பல்' கூடாது; தொற்றுவதைக் குறிக்கும்போது 'தொற்றுப் பரவல்' என்று முழுதாக எழுதுவோம்.

'பருவகால நோய்த்தன்மை'யை நீக்கிவிடலாம். பருவம்தான் நோயைக் கொண்டுவருகிறது என்று அது முடிவே கட்டிவிடுகிறது. இன்ஃப்ளுயன்சா மிதவெப்ப நாடுகளில் குளிர்காலத்தில் உச்சம் தொடும். வெப்பமண்டலத்தில் ஆண்டு முழுதும் இருக்கும், சில இடங்களில் இரண்டு உச்சங்கள்கூட வரும். தட்டம்மையில் வானிலையைவிடப் பள்ளி திறப்பதும் மூடுவதுமே முக்கியம். ஆகவே இரண்டு சொற்கள் தேவை: மாதவாரியாக நோயாளிகள் அமைந்திருக்கும் விதம் 'பருவப் பரம்பல்', அதை ஏற்றி இறக்கும் காரணி, மழையோ பள்ளி விடுமுறையோ, 'பருவ உந்தல்'.

இரண்டும் ஒரே மாதத்தில் விழாது என்பதற்கு டெங்கு போதும். மழை பெய்து, முட்டை பொரிந்து, கொசு வளர வேண்டும். கடித்த கொசுவின் உடலில் வைரஸ் முதிர ஏறத்தாழ 8–12 நாள். மனிதருக்குள் நோயரும்பு காலம் (கிருமி புகுந்ததிலிருந்து அறிகுறி தோன்றும்வரை) 4–10 நாள். உந்தலுக்கும் உச்சத்துக்கும் நடுவே வாரக்கணக்கில் இடைவெளி. உச்சத்தைப் பார்த்துப் புகை அடிக்கக் கிளம்பினால், நீர்த்தொட்டிகளை மூடியிருக்க வேண்டிய நேரம் கடந்திருக்கும்.

சொல் விளக்கத்தில் இரண்டு எச்சரிக்கைகளையும் சேர்க்க வேண்டுகிறேன். பருவப் பரம்பலை அறிகுறி தொடங்கிய நாளைக் கொண்டு வரைய வேண்டும். பதிவான நாளைக் கொண்டு வரைந்தால் நீண்ட விடுமுறைகளில் பொய்ப் பள்ளமும் அடுத்த வாரம் பொய் உச்சமும் தெரியும். வயதுப் பரம்பலில் தலை எண்ணிக்கை மட்டும் போதாது. கற்பனைக் கணக்கு ஒன்று: 0–4 வயதில் 10,000 பேரில் 40 நோயாளிகள், 15–44 வயதில் 60,000 பேரில் 90. எண்ணிக்கையில் பெரியவர்கள் முந்துகிறார்கள். வீதத்தில் குழந்தைகளுக்கு ஆயிரத்துக்கு 4, பெரியவர்களுக்கு 1.5. எனவே 'வயதுவாரி வீதம்' என்பதைத் தனிப் பதிவாக, 'வயதுப் பரம்பல்' பதிவுக்கு அடுத்தே வைக்கலாம். மறுப்பு இருந்தால் எழுதுங்கள். இல்லையேல் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.