மறு: ஈவென்ட் பப்ளிங் – 'குமிழ்தல்' இந்தப் பாடத்தில் ஏன் சிக்கலாகிறது

> 'நிகழ்வுக் குமிழ்தல்' என்றே போடுங்கள். மூலச்சொல் தெரிந்தவருக்கு உடனே பிடிபடும்.

ஐயா, இணையப் பக்கத்தில் ஓர் உறுப்பைச் சொடுக்கினால் அந்த நிகழ்வு அதைச் சுற்றியிருக்கும் உறுப்புகளுக்கும் ஏறிப் போவதுதான் ஈவென்ட் பப்ளிங்; அதற்குத்தான் தமிழ்ச்சொல் தேடுகிறோம். வேறு பாடமாக இருந்தால் நானும் மறுபேச்சில்லாமல் போட்டிருப்பேன். நாளை மாலைக்குள் நான் கொடுக்க வேண்டியது விளக்கப்படங்களைப் பற்றிய பாடம். அதில் பட்டைப்படம், வட்டப்படம், அப்புறம் குமிழிப்படமும் வருகிறது. 'குமிழியைச் சொடுக்கினால் நிகழ்வு குமிழ்ந்து மேலே போகும்' என்று எழுதிவிட்டுப் படித்தால் எனக்கே எந்தக் குமிழி எது என்று தடுமாறுகிறது.

எஸ்விஜி (வடிவங்களைத் தனித்தனி உறுப்புகளாக வரையும் முறை) படத்தில் ஒவ்வொரு பட்டையும் தனி உறுப்பு. ஒன்றைச் சொடுக்கினால் நிகழ்வு சாளரத்தில் தொடங்கி அந்தப் பட்டைவரை இறங்குகிறது, பிறகு அதைச் சுற்றியிருக்கும் குழு, படம், பக்கம் என்று படிப்படியாக ஏறுகிறது. அதனால்தான் 200 பட்டைக்கு 200 கையாளி (நிகழ்வு வந்ததும் இயங்கும் நிரல்துண்டு) வைக்காமல் வெளிக்குழுவில் ஒன்று வைத்தாலே போதும். (புள்ளிகளாகவே படம் வரையும் கேன்வாசில் பட்டைகளுக்கு இந்தப் பேச்சே இல்லை. அங்கே மொத்தப் படமும் ஒரே உறுப்பு; சொடுக்கிய இடத்தின் ஆயத்தொலைவைக் கொண்டு எந்தப் பட்டை என்று நிரலில்தான் கணக்குப் போட வேண்டும்.)

ஆக இறங்குகிறது, ஏறுகிறது, அவ்வளவுதான். 'இறங்குகட்டம்', 'ஏறுகட்டம்' என்று வைத்தால் இரண்டும் வினைத்தொகை, வல்லினம் மிகாது, 'ஏறுக்கட்டம்' என்று யாரும் திருத்திவிட வேண்டாம்.

> மக்கள் நாவில் ஏற்கெனவே ஏறுமுகம், இறங்குமுகம் இருக்கிறதே?

அருமையான சொற்கள்தான் அம்மா, எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. ஆனால் கோட்டுப்படம் காட்டுவதே விற்பனை ஏறுமுகமா இறங்குமுகமா என்பதைத்தானே! குமிழியிலிருந்து தப்பித்து அங்கே போய் மாட்டிக்கொள்வோம்.

'கையாளி' ஆளைக் குறிக்கும், நிரலுக்குப் பொருந்தாது என்ற மறுப்பை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. குறள் 306-இல் சினமே 'சேர்ந்தாரைக் கொல்லி' ஆகிறது. அங்கே கொல்வது ஆள் இல்லையே, இகர விகுதி உயிரில்லாததற்கும் தாராளமாக வருகிறது. 'சுட்டி'யை (மவுஸ்) தினமும் கையில் பிடித்துக்கொண்டு 'கையாளி'யைத் தள்ளுவது நியாயமாகப் படவில்லை. 'சொடுக்கு' தொடுதிரையில் ஒலிக்காது என்ற வாதத்துக்கு இன்னொரு நாள் வருகிறேன், அதில் எனக்கும் பாதி உடன்பாடு உண்டு.

இப்போதைக்கு 'ஏறுகட்டம்' என்று போடுகிறேன். பழைய கட்டுரைகளில் தேடுபவர்களுக்காக முதல் இடத்தில் மட்டும் 'குமிழ்தல் என்றும் சொல்வர்' என்று ஒரு வரி சேர்க்கிறேன், ஐயாவுக்கு இது முழுமனதாக இருக்காது என்று தெரியும்.

நிகழ்வு மேற்கொண்டு போகாமல் நிறுத்தும் கட்டளையான ஸ்டாப்ப்ராபகேஷன் ஒன்றுதான் மிச்சம். நேற்று வந்த 'ஏற்றத்தடை' கேட்க நன்றாக இருந்தாலும், இறங்கும்போதே அழைத்தால் அது இறக்கத்தையும் நிறுத்திவிடும். அதனால் 'பரவல்தடை' என்று எழுதி வைத்திருக்கிறேன். நோய்ப்பரவல் நினைவு வருகிறது என்பவர்கள் இன்றிரவுக்குள் வேறு சொல் கொடுங்கள்.