புதுப்பிப்பு: அக்காவின் கார் சாவி

போன வாரம் சாட்ஸ்வொர்த்தில் அக்காவின் கார் திறக்கவே இல்லை, பையில் இருந்தாலே காரைத் திறக்கும் ஸ்மார்ட் சாவி கெட்டுப்போச்சா என்று கேட்டிருந்தேன் அல்லவா, சாவி நன்றாகவே இருக்கிறது, தீர்ந்துபோனது உள்ளே இருந்த சிஆர்2032 என்ற காசு வடிவ பேட்டரிதான். சாவிக்குள் ஒளிந்திருக்கும் சின்ன உலோகச் சாவியை உருவிக் கதவைத் திறந்தோம், அப்புறம் பிரேக்கை மிதித்தபடி ஸ்மார்ட் சாவியை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்து அழுத்தியதும் இன்ஜின் ஓடிவிட்டது. அக்காவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

கீலெஸ் என்ட்ரியும் ஸ்மார்ட் சாவியும் ஒன்றா என்று சிலர் கேட்டீர்கள். இல்லை. சாதாரண கீலெஸ் ரிமோட்டில் நாம் பட்டனை அழுத்த வேண்டும், கதவு மட்டும் திறக்கும், வண்டியை எடுக்கச் சாவியைத் திருகத்தான் வேண்டும். ஸ்மார்ட் சாவியில் கார்தான் முதலில் கூப்பிடும்: கைப்பிடியைத் தொட்டதும் சுமார் 125 கிலோஹெர்ட்ஸில் ஒரு சிக்னல் ஒன்றிரண்டு மீட்டருக்குப் போகும், பையில் கிடக்கும் சாவி அதைக் கேட்டு ரகசியக் குறியீட்டோடு பதில் சொல்லும்.

இந்தச் சிக்னலைக் கருவி வைத்து நீட்டித்தான் வீட்டுக்குள் இருக்கும் சாவியை ஏமாற்றிக் காரைத் திருடுகிறார்கள். அதனால் சிக்னல் எட்டாதபடி அக்கா இப்போது ராத்திரியில் சாவியை மூடி போட்ட தகர டப்பாவில் வைக்கிறாள். ரிமோட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மால் பார்க்கிங்கில் திருடர்கள் ரிமோட்டின் சிக்னலை ஜாம் பண்ணி கார் பூட்டாமல் தடுக்கிறார்கள், அதனால் பூட்டியதும் கதவைக் கையால் இழுத்துப் பாருங்கள்.