ரீயூனியன் தீவு போலாமா, இல்ல பேசாம மொரீஷியஸே போயிடலாமா? (அம்மாவையும் இட்டுனு போறேன்)

காட்பாடி_வெங்கட்டு:

எல்லாருக்கும் வணக்கம். ஆம்பூர்ல ஷூ கம்பெனில மெர்ச்சண்டைசிங் வேலை, வருஷத்துக்கு ஒரு தடவயாவது பாரிஸ் போற மாதிரி இருக்கும். போன தடவ அங்க ஒரு அம்மா மீட்டிங்க்கு வந்தாங்க, பாத்தா நம்ம சித்தி ஜாடை, குடும்பப் பேரு கேட்டா ராமசாமி, சரி பாண்டிச்சேரி போலன்னு தமிழ்ல பேசினா முழிக்கறாங்க, ஒரு வார்த்தை தெரியல. சொந்த ஊரு ரீயூனியனாம், மொரீஷியஸ் பக்கத்துல இருக்கற பிரெஞ்சு தீவு. "எங்க ஊர்லயும் தீ மிதிப்போம், வந்து பாருங்க"ன்னு சொன்னாங்க. அத வீட்ல வந்து சொன்னதுதான் தப்பு, அம்மா புடிச்சிக்கினாங்க.

இப்ப நெலம என்னன்னா, வீட்டுக்காரம்மாவுக்கு மொரீஷியஸ், அம்மாவுக்கு ரீயூனியன், பாப்பாவுக்கு (7 வயசு) கடல் இருந்தா போதும். ஸ்கூல் லீவு மே மாசம், இல்லன்னா அரையாண்டு லீவு. என் கிட்ட ஷெங்கன் விசா (ஐரோப்பால பல நாட்டுக்கும் சேத்து ஒரே விசா) இருக்கு, வேலூர்ல ஒரு ஏஜென்ட் "அதுவும் பிரான்ஸ் தானே சார், அதே விசால வீட்ல இருக்கறவங்களுக்கும் போட்டுடலாம்"ன்னு சொல்லி அட்வான்ஸ் வேற வாங்கிட்டான். அங்க அப்படி என்ன இருக்கு, எட்டு நாள் போதுமா, அம்மாவுக்கு 61 வயசு முட்டி வலி, போயிட்டு வந்தவங்க சொல்லுங்க.

—

சத்துவாச்சாரி_சைக்கிள்:

வெங்கட்டு, மொதல்ல அந்த அட்வான்ஸ திருப்பி வாங்குப்பா. ரீயூனியன் பிரான்ஸோட ஒரு மாவட்டம்தான், 1946ல இருந்து, காசு யூரோ தான், ஆனா ஷெங்கன்ல சேராது. உன் விசால பிரெஞ்சு கடல்கடந்த பகுதிகளுக்கும் செல்லும்னு எழுதியிருக்கணும், இல்லன்னா தனியா எடுக்கணும். சலுகை கிலுகை எதாவது வந்திருக்கான்னு பிரெஞ்சு தூதரகத்து சைட்ல பாத்துக்கோ, ஏஜென்ட் வாய கேக்காத.

நான் ரெண்டு வருஷம் முன்ன மொரீஷியஸ் வழியா போனேன், அங்கருந்து முக்கா மணி நேர ஃப்ளைட் தான், மொரீஷியஸுக்கு நமக்கு முன்கூட்டி விசாவும் வேணாம், அதனால ரெண்டையும் சேத்துப் போட்டுடு, வீட்ல சண்டை தீரும். ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கோ, பீச்சுக்காக ரீயூனியன் போகாத. 2013ல இருந்து சுறா பயத்தால பாதி எடத்துல கடல்ல எறங்கவே தடை. மேற்கால சான் ஜில் பக்கத்துல லெர்மிதாஜ்னு பவளப்பாறை தடுத்து நிக்கற எடம் இருக்கு, தண்ணி ஏரி மாதிரி கெடக்கும், பாப்பாவ அங்க மட்டும் எறக்கு.

அங்க போறது மலைக்குதான்யா. தீவே 2,500 சதுர கிலோமீட்டர் சொச்சம் தான், நம்ம பழைய வட ஆற்காடு ஜில்லாவுல கால்வாசி கூட வராது, அதுக்குள்ள 3,070 மீட்டருக்கு ஒரு மலை நிக்குது, பித்தோன் தே நேஜ்னு பேரு. அது செத்துப்போன எரிமலை. அது உள்வாங்கி, மழைல அரிச்சு அரிச்சு சுத்தி மூணு பெரிய பள்ளத்தாக்கு, ஒவ்வொண்ணும் வட்டமா செங்குத்து சுவர் கட்டின மாதிரி, சலாசி, சிலாவோஸ், மஃபாத். 2010ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்தது இந்த மலைங்களத்தான்.

சிலாவோஸுக்கு ஏறுற ரோடு இருக்கே, ஏலகிரில 14 கொண்டை ஊசிக்கே பஸ்ல வாந்தி எடுக்கறவங்கள நான் பாத்திருக்கேன், இதுல 400 வளைவுக்கு மேல. நான் வாடகை காரு எடுத்தேன், அங்க வலது பக்கம் ஓட்டணும், பழக்கதோஷத்துல மொதல் நாளே ரவுண்டானால எதிர்ல பூந்துட்டேன், நல்லவேளை எதிர்ல வந்தவன் நிறுத்திட்டு சிரிச்சான். ஒரு எடத்துல குகைப்பாதை ஒரு வண்டி அகலம் தான், ஹாரன் அடிச்சிட்டு உள்ள போய் எதிர்ல பஸ் மூக்கு தெரிஞ்சதும் அப்டியே ரிவர்ஸ் எடுத்தேன், கை நடுங்கிச்சு. மேல போனா சின்ன ஊரு, சின்ன வயல்ல பயறு போட்டிருக்கான், சிலாவோஸ் பயறுன்னா அங்க நம்ம எலவம்பாடி முள்ளு கத்திரிக்கா மாதிரி, அந்த ஊரு பேர சொல்லித்தான் விக்கும், விலையும் அப்படி.

மஃபாத்துக்கு ரோடே கெடையாது. நடந்து போணும், இல்ல ஹெலிகாப்டர். உள்ள நூத்துக்கணக்குல ஜனம் இருக்கு, ஸ்கூல் இருக்கு, கடைக்கு சாமான் ஹெலிகாப்டர்ல தான் எறங்குது. ஒரு காலத்துல தோட்டத்துல இருந்து தப்பிச்ச அடிமைங்க ஒளிஞ்சிருந்த எடம் அது. அம்மாவால நடக்க முடியாது, பரவால்ல, மைதோன்னு ஒரு விளிம்பு, 2,200 மீட்டர் ஒசரம், அதுவரைக்கும் கார் போவும், அங்கருந்து எட்டிப் பாத்தா மொத்த மஃபாத்தும் கால் கீழ. ஆனா விடிகாலைல போணும். நான் டிபன் சாப்ட்டு பத்து மணிக்கு சாவகாசமா போனேன், பால் பாத்திரத்துல எட்டிப் பாத்தா மாதிரி வெள்ளையா மேகம் தான் தெரிஞ்சிது, மறுநாள் அஞ்சு மணிக்கு எழுந்து திரும்ப போனேன்.

எரிமலை அடுத்த பதிவுல எழுதறேன், பொண்ணுக்கு டியூஷன் டைம் ஆவுது.

—

குடியாத்தம்_லுங்கி:

400 வளைவா. எங்க மாமியார இட்டுனு போலாம் போல இருக்கே. அந்த ஏஜென்ட் நம்பர் குடுங்க.

—

ஆரணி_கூத்துப்பைத்தியம்:

வெங்கட்டு சார், உங்க அம்மா கேட்டது தான் சரியான கேள்வி, மத்ததெல்லாம் அப்பால.

1848 டிசம்பர் 20ல அங்க அடிமை முறை ஒழிஞ்சுது, அந்த நாள் இன்னிக்கும் அங்க லீவு, பெரிய விழா. கரும்புக்கு ஆள் இல்லாம போச்சு, அப்ப ஒப்பந்தக் கூலின்னு பாண்டிச்சேரி, காரைக்கால்ல இருந்து கப்பல் கப்பலா நம்ம ஜனத்த ஏத்தினாங்க. 1860க்கு மேல பிரிட்டிஷ்காரன் ஆண்ட பகுதில இருந்தும் எடுக்கலாம்னு பிரெஞ்சு, பிரிட்டிஷ் ரெண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டுக்கிச்சு. 1882ல, ஆளுங்கள மோசமா நடத்தறாங்கன்னு புகார் மேல புகாரா வந்து பிரிட்டிஷ்காரங்க நிறுத்திட்டாங்க. போனதுல பெரும்பாலும் தமிழ் ஜனம், ஆனா அங்க அவங்களுக்குப் பேரு "மல்பார்". தலைநகரம் சான் துனி பக்கத்துல லா கிராந்த் ஷலூப்னு ஒரு எடம், கப்பல்ல எறங்கினவங்கள நோய் பரவாம தனியா அடைச்சு வெச்ச கட்டடம் இன்னும் இருக்கு, அம்மாவ அங்க கண்டிப்பா காட்டுங்க.

சரி நான் சொல்ல வந்தது வேற. பேச்சு போச்சு, மூணு நாலு தலைமுறைல தமிழ் நாக்குல இருந்து போயிடுச்சு, பிரெஞ்சுல இருந்து வந்த உள்ளூர் பாஷை கிரியோல் தான் பேசறாங்க. ஆனா சாமி போவல. மாரியம்மன் அங்க "மார்லியேமென்", மதுரைவீரன் "மார்தேவிரன்", நம்ம பாஞ்சாலி அங்க "பாந்தியாலே". தீமிதி அவளுக்குத்தான், நம்ம ஊரு திரௌபதி அம்மன் கோயில் மாதிரியே. விரதம், காப்பு, குழி எல்லாம் உண்டு. இதுல எனக்கு புல்லரிச்ச விஷயம், அங்க ராத்திரி ஆடற ஒரு ஆட்டம் இருக்கு, "நார்ல்கோன்"னு பேரு. நாடகம்ன்ற வார்த்தை தான் தேய்ஞ்சு அப்படி ஆயிடுச்சு. தலைல கிரீடம், தோள்ல புஜம் கட்டிக்கினு பாரதம் ஆடறாங்க, நம்ம தெருக்கூத்து தான் சார், அர்த்தம் தெரியாமலே பாட்ட நெட்டுரு போட்டு நோட்டுல பிரெஞ்சு எழுத்துல எழுதி வெச்சு பாடிக்கினு இருந்திருக்காங்க. இங்க நம்ம பக்கம் பாரதம் பத்து நாள் வெச்சா கடைசி நாள் படுகளத்துக்கு (துரியோதனன் சாகற கட்டம்) தான் கூட்டம் வருது, அதுவும் செல்போன்ல படம் புடிக்க. அங்க தமிழே தெரியாதவன் விடாம புடிச்சிக்கினு இருக்கான்.

தீமிதி பாக்கணும்னா டிசம்பர்–ஜனவரி, இல்ல ஜூலை–ஆகஸ்ட். கிழக்கால சாந்த் ஆந்த்ரே ஊர்ல கோயில் ஜாஸ்தி, காவடியும் தீபாவளியும் அங்க பெருசு. மே மாசத்துல போனா தீமிதி கெடைக்கறது கஷ்டம் தான்.

—

சத்துவாச்சாரி_சைக்கிள்:

டிசம்பர் ஜனவரின்னா ஜாக்கிரதை, புயல் சீசன் ஆரம்பிச்சிடும். 1966 ஜனவரில ஒரு புயல்ல ஃபோக்ஃபோக்ன்ற எடத்துல 24 மணி நேரத்துல 1,825 மில்லிமீட்டர் மழை, உலக ரெக்கார்டு. நம்ம வேலூருக்கு வருஷம் பூரா பேயறதே அதுல முக்கா பங்கு தேறாது. மே நல்ல மாசம், மழை கொறஞ்சு குளிர் ஆரம்பிக்கற நேரம். அங்க பருவம் தலைகீழ்.

எரிமலை: பித்தோன் த லா ஃபூர்னேஸ், 2,632 மீட்டர், உலகத்துலயே அடிக்கடி வெடிக்கறதுல இதுவும் ஒண்ணு, சில வருஷம் ரெண்டு மூணு தடவ கூட. பயப்படாத, பெரும்பாலும் ஜனமே இல்லாத பள்ளத்துக்குள்ள தான் நெருப்புக் குழம்பு ஓடும், வெடிச்சா உள்ள போற கேட்ட மூடிடுவான், தூரத்துல இருந்து பாக்கலாம். போற வழில பிளேன் தே சாப்ளேனு ஒரு சமவெளி வரும், கறுப்பும் செவப்புமா மண்ணு, ஒரு மரம் கெடையாது, வேற கிரகத்துல எறங்கின மாதிரி, எம் பையன் கார்ல பேச்ச நிறுத்தினது அந்த ஒரு எடத்துல தான். ஸ்வெட்டர் எடுத்துக்கோ, ஏலகிரிக்கு எடுத்துனு போற மெல்லிசு ஸ்வெட்டர் பத்தாது. கடைசி வரைக்கும் கார்ல போய் பாஸ் த பெல்கோம்ப்னு விளிம்புல நின்னு பாக்கலாம், அம்மாவுக்கு முட்டிக்கு வேலையே இல்ல.

கிழக்கு கரையோரமா கார்ல போனா ரோட்டு ஓரத்துலயே ஆறின குழம்பு, ஒவ்வொரு வருஷத்துதும் தனித்தனியா பலகை போட்டிருக்கான். 2007ல ஓடினது ரோட்டையே முழுங்கிட்டு கடல்ல எறங்கினது. சேன்த் ரோஸ்ல ஒரு சர்ச்சு, 1977ல குழம்பு ஊருக்குள்ள வந்து வீடெல்லாம் போச்சு, சர்ச்சு வாசல் வரைக்கும் வந்து ரெண்டா பிரிஞ்சு சுத்திக்கினு போயிடுச்சு. வாசல்ல இன்னும் அந்த கறுப்பு பாறை, கை வெச்சு பாத்தேன், பொரி உருண்டை மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்கு.

—

விருதம்பட்டு_அக்கா:

தம்பி, சாப்பாட்ட யாரும் சொல்லவே இல்ல பாரு, ஆம்பளைங்க. என் நாத்தனார் வீட்டுக்காரர் பாண்டிச்சேரி, பிரெஞ்சு பாஸ்போர்ட்டு, அவங்க அங்க ஆறு வருஷம் இருந்தாங்க, நான் ஒரு மாசம் போய் தங்கினேன்.

அம்மாவுக்கு கவலையே வேணாம், வீடு வீடா சோறு தான், கூட காராமணி, மொச்சை மாதிரி பயறு கொழம்பு, பக்கத்துல காரமா தொக்கு மாதிரி ஒண்ணு, அதுக்கு பேரு "ரூகாய்". நம்ம ஊறுகாய் தான் அப்படி ஆச்சுன்னு சொல்றாங்க. கீரைக்கு "ப்ரேத்", முருங்கைக்கீரை "ப்ரேத் மூரூம்". மார்க்கெட்ல ஒரு கிழவி கட்டு கட்டி வெச்சிக்கினு அப்படி கூவினப்ப எனக்கு சிரிப்பும் வந்துது கண்ணும் கலங்கிச்சு. ஆட்டுக்கறில "மசாலே"ன்னு போட்டு வைக்கறது அப்டியே நம்ம வாசனை. "போன்போன் பிமான்"னு கேட்டு வாங்கு, மசால் வடை தான் சின்ன சைஸ்ல, அத நீட்டு ரொட்டிய பொளந்து வெண்ணெய் தடவி உள்ள வெச்சு காலைல சாப்பிடறான், மொதல்ல கண்றாவியா இருந்துது, மூணாம் நாள்ல இருந்து நானே கடைக்கு ஓடினேன். சைவம்னா மட்டும் கேட்டு கேட்டு சாப்பிடுங்க, ரூகாய் சொசீஸ்னு ஒண்ணு எல்லா கடைலயும் இருக்கும், அது பன்னிக்கறி.

வெனிலா வாங்கிட்டு வா. ப்ரா பனோன்ல கூட்டுறவு சங்கம் இருக்கு, சுத்தி காட்டுவாங்க. அந்தக் கொடிக்கு அங்க பூவுல மகரந்தம் சேக்கற பூச்சி கெடையாது, பூ பூத்து சும்மா உதிர்ந்துனு இருந்துது. 1841ல எட்மோன் அல்பியுஸ்னு 12 வயசு அடிமைப் பையன் ஒரு குச்சியும் கட்டவெரலும் வெச்சு கையால சேக்க கண்டுபுடிச்சான், இன்னிக்கு வரைக்கும் உலகம் பூரா அதே முறை தான். பையன் மட்டும் கடைசில ஏழையாவே செத்தான். வெலைய கேட்டு மயக்கம் போடாத, ஒரு ஒரு பூவா கைல செய்யணும்ல.

—

காட்பாடி_வெங்கட்டு:

அண்ணே, அக்கா, கூத்து சார், எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஏஜென்ட் கிட்ட போய் கேட்டேன், "அப்படியா சார், எனக்கே தெரியாது"ன்றான். பாதி அட்வான்ஸ் வந்துது, மீதி "அடுத்த வாரம்".

இந்த பதிவ அம்மாவுக்கு ராத்திரி பூரா படிச்சு காட்டினேன். தீமிதிக்கு மே மாசம் தோதுப்படாதுன்னு சொன்னா கோவப்படுவாங்கன்னு நெனச்சேன். "தீமிதி நான் கே.வி.குப்பத்துல பொறந்ததுல இருந்து பாக்கறேன்டா, எனக்கு அந்த எரிமலைய காட்டு"ன்னாங்க. அதனால மே தான், மூணு நாள் மொரீஷியஸ், ஆறு நாள் ரீயூனியன், ஒரு நாள் சாந்த் ஆந்த்ரே கோயில். ஒரே ஒரு சந்தேகம், நம்ம வீட்டு மரத்து முருங்கை விதையும் மருதாணி கொம்பும் எடுத்துனு போய் அந்த ராமசாமி அம்மாவோட வீட்ல குடுக்கணுமாம், விடுவாங்களா?

—

விருதம்பட்டு_அக்கா:

விதை, செடி, பழம் எதுவும் வேணாம் தம்பி, ஏர்போர்ட்ல புடுங்கிப் போட்டுடுவான், ஐரோப்பா சட்டம் தான் அங்கயும். முருங்கை அங்க தெருவுக்கு தெரு இருக்கு. அம்மாவ ஒரு ஜாக்கெட் துணியும் நல்ல கண்ணாடி வளையலும் எடுத்துக்க சொல்லு, நான் குடுத்தேன், அந்த வீட்டுப் பாட்டி அத சாமி படத்துக்கு கீழ கொண்டுபோய் வெச்சாங்க.