ஷேர்டு பாயிண்டர் போட்டும் மெமரி எறங்கல, மூணாறு தலைப்புல மாட்டிக்கிட்டேன்

மன்னை_தம்பி:
வணக்கம்ங்க. மன்னார்குடி பக்கம் கிராமம், அப்பா சம்பா போடுறாரு. முறை வச்சு தண்ணி விட்டா எங்க வாய்க்காலுக்கு எத்தன நாளைக்கு ஒரு தடவ வரும்னு பார்க்க சி பிளஸ் பிளஸ்ல சின்னதா ஒன்னு எழுதுறேன். ஆறு, வாய்க்கால் எல்லாம் ஒரே கிளாஸ்தான். கீழ பிரியுறதுக்கெல்லாம் ஷேர்டு பாயிண்டர் (எத்தன பேர் புடிச்சிருக்காங்கன்னு எண்ணி, கடைசி ஆளு விட்டதும் தானா அழிக்கிறது) வெக்டர், மேல எதுலேர்ந்து வருதுங்குறதுக்கு இன்னொரு ஷேர்டு பாயிண்டர். ஜூன் 12 மேட்டூர் தொறந்து ஜனவரி 28 மூடுற கணக்குல 230 நாள் லூப் ஓடுது, தினம் நெட்வொர்க்க புதுசா கட்டி ஓட்டிட்டு அப்புடியே விட்டுடுறேன். டிலீட்டே எழுத வேணாம் அதுவே பாத்துக்கும்னுதான சொன்னாங்க, ஆனா மெமரி ஏறிக்கிட்டே போவுது, ஆப்ஜெக்ட் அழியிறப்ப ஓடுற டிஸ்ட்ரக்டர்ல வச்ச பிரிண்ட் ஒன்னு கூட வரல.

டீக்கடை_பெஞ்ச்:
லூப் முடியிறப்ப ரீசெட் அடிச்சு விடு தம்பி, சரியாயிடும்.

மன்னை_தம்பி:
அடிச்சேன்ணே, பிரிண்ட் வரல.

திருவாரூர்_அக்கா:
வராது. அது அவன் கையில இருக்குற ஒரு பிடிய மட்டுந்தான் விடும். தம்பி, நீடாமங்கலம் மூணாறு தலைப்ப எடுத்துக்க. அங்க வெண்ணாறு பாமணியாறு, கோரையாறு, சின்ன வெண்ணாறுன்னு மூணா பிரியுதுல்ல, உன் கோடுல அந்த மூணும் மேல இருக்குற வெண்ணாற ஷேர்டா புடிச்சிருக்கு. யூஸ் கவுண்ட், அதாவது எத்தன ஷேர்டு பாயிண்டர் புடிச்சிருக்குங்குற எண்ணிக்கைய பிரிண்ட் பண்ணு, 4 வரும், உன் லோக்கல் வேரியபிள் 1, புள்ளைங்க 3. லோக்கல் போனா 3, அதுக்கு கீழ எறங்கவே எறங்காது, ஏன்னா புள்ளைங்கள உயிரோட வச்சிருக்கறது வெண்ணாறோட வெக்டர், வெண்ணாற உயிரோட வச்சிருக்கறது புள்ளைங்க. வெளிய யாருமே புடிக்கலன்னாலும் ஒன்ன ஒன்னு புடிச்சிக்கிட்டு நிக்கும். ஷேர்டு பாயிண்டர் எண்ணிக்கை மட்டுந்தான் பாக்கும், வட்டத்த கண்டுபிடிக்கத் தெரியாது. மேல பாக்குறத, எண்ணிக்கைய ஏத்தாம சும்மா பாக்க மட்டும் செய்யிற வீக் பாயிண்டர் ஆக்கு.

மன்னை_தம்பி:
4தான்க்கா வந்துச்சு!! சரின்னு ரெண்டு பக்கமும் வீக் ஆக்கிட்டேன், இப்ப லாக் பண்ணா எல்லாம் காலியா வருது 😭

திருவாரூர்_அக்கா:
ரெண்டு பக்கமும் ஏன்டா ஆக்குன, யாராவது ஒருத்தராவது சொந்தம் கொண்டாடணும்ல. வீக்குக்கு எண்ணிக்கையில பங்கு கெடையாது, ஆள் இருக்காரான்னு லாக் போட்டு கேட்டுக்கலாம், அவ்ளோதான். கீழ ஷேர்டு, மேல வீக்.

வெட்டாறு_77:
நடுவுல ஒன்னு. இதுக்கு ஷேர்டே எதுக்கு? புள்ளைக்கு ஒரே அப்பன்னா யூனிக் பாயிண்டர் போதும், மேல பாக்க சாதா பாயிண்டர். எல்லாரும் கண்ண மூடிக்கிட்டு ஷேர்டு போடுறாங்க.

மன்னை_தம்பி:
எங்க வாய்க்காலுக்கு ரெண்டு பக்கத்துலேர்ந்தும் தண்ணி வரும்ணே, அதான்.

வெட்டாறு_77:
அப்ப ஷேர்டு நியாயந்தான். மேல பாக்குறதும் ஒன்னு பத்தாது, வீக் பாயிண்டர் வெக்டரா வச்சுக்க.

மன்னை_தம்பி:
மாத்திட்டேன், இப்ப டபுள் ஃப்ரீன்னு செத்துடுது. புள்ளைய சேர்க்குற ஃபங்ஷனுக்குள்ள, திஸ்ஸ (அந்த ஆப்ஜெக்ட் தன்னையே காட்டுற பாயிண்டர்) ஷேர்டு பாயிண்டருக்குள்ள போட்டு அதைத்தான் வீக்குக்கு குடுத்தேன்.

திருவாரூர்_அக்கா:
அய்யோ. ஒரே நெலத்துக்கு ரெண்டு பட்டா போட்டுட்ட. நீ புதுசா கட்டுன ஷேர்டுக்கு ஏற்கனவே ஓடிக்கிட்டிருக்குற எண்ணிக்கை தெரியாது, எண்ணிக்கைய வச்சிருக்குற கண்ட்ரோல் பிளாக்க தனியா ஒன்னு போட்டு 1னு ஆரம்பிக்கும். அந்த டெம்பரரி அந்த வரி முடிஞ்சதும் செத்து வெண்ணாறையும் அழிச்சிடும், அப்புறம் ஒரிஜினல் வந்து செத்தத திரும்ப அழிக்கப் பாக்கும். கிளாஸ எனேபிள் ஷேர்டு ஃப்ரம் திஸ்லேர்ந்து பப்ளிக்கா இன்ஹெரிட் பண்ணு, ஏற்கனவே ஓடுற எண்ணிக்கையிலேர்ந்தே பாயிண்டர் குடுக்கும், சி பிளஸ் பிளஸ் 17னா வீக் ஃப்ரம் திஸ் நேராவே இருக்கு. கன்ஸ்ட்ரக்டருக்குள்ள மட்டும் கூப்புடாத, அப்ப பட்டாவே எழுதியிருக்க மாட்டாங்க, வீக் காலியாத்தான் வரும். ஷேர்டு ஃப்ரம் திஸ்ஸா இருந்தா 17லேர்ந்து பேட் வீக் பாயிண்டர்னு எக்செப்ஷனே அடிக்கும். முடிச்சிட்டு மெமரி தப்ப புடிச்சுக் குடுக்குற அட்ரஸ் சானிடைசர் போட்டு ஒரு ஓட்டு ஓட்டு.

மன்னை_தம்பி:
பப்ளிக் போட மறந்து இன்னொரு அரை மணி நேரம் போச்சு, அத சொல்ல வெக்கமா இருக்கு 😅 இப்ப 4 இருந்த எடத்துல 1 வருது, ஒவ்வொரு நாள் முடிவுலயும் டிஸ்ட்ரக்டர் பிரிண்ட் வரிசையா வருது, சானிடைசரும் வாயத் தொறக்கல. ரொம்ப நன்றிக்கா, நன்றி வெட்டாறுண்ணே. ஆனா எங்க வாய்க்காலுக்கு தண்ணி நாலு நாள் லேட்டாத்தான் காட்டுது, அது பாயிண்டர் தப்பா இல்ல நெசமான்னு அப்பாகிட்டதான் கேக்கணும்.

டீக்கடை_பெஞ்ச்:
நெசந்தான் தம்பி, கடைமடைல.