பதில்: ‘அடைகாத்தல்’ ஒன்றே போதுமா? (காடை வளர்ப்புச் சொற்கள்)

நண்பர்களுக்கு வணக்கம். காடை வளர்ப்பு பற்றிய ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் பேச்சில் வந்த கேள்விகளுக்கு இது பதில்.

> ‘புரூடினெஸ்’ (பறவைக்கு முட்டைமேல் உட்காரும் நாட்டம் வருவது) என்பதற்கு ‘அடைகாத்தல்’ என்றே போட்டுவிடலாமே, புதிய சொல் எதற்கு?

நாட்டுக்கோழிக்கு மட்டும் எழுதினால் போட்டுவிடலாம். காடைக்கு வரும்போது உதைக்கிறது. நம் பண்ணைகளில் இருப்பது 1974-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜப்பானியக் காடை. ஆறேழு வாரத்தில் முட்டையிடத் தொடங்கிவிடும். இட்ட முட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்காது. முட்டைக்காகவே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்ததில், உட்காரும் இயல்பு மங்கிப்போனது. ‘காடையில் அடைகாத்தல் அரிது. அடைகாத்தல் 17 முதல் 18 நாள்’ என்று அடுத்தடுத்து எழுதிப் பாருங்கள். முதலாவது பறவைக்கு வரும் நாட்டம். இரண்டாவது முட்டைக்குச் சூடு கிடைக்கும் காலம், அது இன்குபேட்டருக்குள் நடந்தாலும் சரி. போதாக்குறைக்கு, பொரித்த குஞ்சுகளுக்கு விளக்குப் போட்டுச் சூடு கொடுப்பதையும் ‘அடைகாத்தல்’ என்று எழுதுகிறார்கள். முட்டையே இல்லாத இடத்தில் என்ன அடை?

> அப்படியானால் ‘அடைக்குணம்’?

நல்ல சொல், ஆனால் இனத்தைப் பற்றிய சொல். அசீல் என்ற சண்டைக்கோழி இனத்துக்கு அடைக்குணம் உண்டு, வெள்ளை லெகார்ன் என்ற முட்டைக்கோழி இனத்துக்குப் பெரும்பாலும் இல்லை எனலாம். இன்று உட்கார்ந்திருக்கும் ஒரு பறவை அடுத்த வாரம் எழுந்துவிடக்கூடும் என்பதை அது சொல்லாது. ஊரில் கோழி ‘அடைக்கு வந்துவிட்டது’ என்கிறார்கள். வேண்டாதபோது தண்ணீரில் முக்கியோ மூக்கில் இறகைச் செருகியோ ‘அடை தெளிய’ வைக்கிறார்கள். (இறகு வைத்தியத்தை நான் பரிந்துரைக்கவில்லை!) வந்து தெளிவது குணமல்ல, நிலை. உடலுக்குள்ளும் அதுதான் நடக்கிறது: புரோலாக்டின் என்ற ஹார்மோன் ஏறுகிறது, சினைப்பை சுருங்குகிறது, முட்டையிடுவது நிற்கிறது, தீனி குறைகிறது. ஆகவே ‘அடைநிலை’ என்பதை முன்வைக்கிறேன்.

காடைக்கு இரண்டு சொல்லுமே வேண்டும். கம்பிவலைக் கூண்டில் முட்டை உருண்டு வெளியே போய்விடும். உட்கார எதுவும் மிஞ்சாது. புல்லும் மறைவும் உள்ள தரைக்கூடத்தில் நெருக்கடியின்றி விட்டால், எப்போதாவது ஒரு பெட்டை புல்லடியில் குழி பறித்து, முட்டைகளைச் சேர்த்து, இறகைப் பரப்பி உட்கார்ந்துவிடுகிறது. சேவல் உட்காராது. ‘அடைக்குணம் மங்கிய இனத்திலும் ஒரு பறவை அடைநிலைக்கு வரலாம்’ என்பதை ஒற்றைச் சொல்லை வைத்து எப்படி எழுதுவது?

அன்புடன்.

—

ஐயா, வணக்கம்.

அடைநிலைக்கு என் வாக்கு. முட்டைக்குச் சூடு கொடுக்கும் செயலுக்கு ‘அவயம்’ என்பதை எடுத்துக்கொள்ளலாமே? எங்கள் பக்கம் ‘அவயத்துக்கு வைப்பது’, ‘அவயம் காப்பது’ என்றுதான் பேச்சு. காடை முட்டையைக் கோழிக்கு அடியில் வைப்பவர்கள் உண்டு. பத்துப் பன்னிரண்டு கிராம் முட்டை, மெல்லிய ஓடு. கனத்த கோழி மிதித்தால் நொறுங்கும். உடல் சிறிய இனக் கோழிதான் தோது. அங்கே அடைநிலையில் இருப்பது கோழி, அவயத்தில் இருப்பது காடை முட்டை, குழப்பமே வராது. ‘அவயக்காலம் 17–18 நாள்’ என்றும் எழுதலாம்.

குஞ்சுக்குச் சூடு கொடுப்பதற்கு ‘அணைப்பு’ போதும் என்று தோன்றுகிறது. தாய்க்கோழி செய்வதும் அதுதானே. ஆனால் குஞ்சுகளை வைத்துச் சூடு கொடுக்கும் புரூடரை ‘அணைப்புக்கூண்டு’ என்றால் பண்ணைக்காரர்கள் சிரிப்பார்களோ என்னவோ, வேறு யாராவது நல்லதாகச் சொல்லுங்கள்.