களையெடுப்பும் கவிதைத் திருத்தமும்

கவிதை எழுதுவதை உழவுக்கு ஒப்பிடுவோர் பெரும்பாலும் விதைப்பிலும் அறுவடையிலும் நின்றுவிடுகின்றனர். கற்றோரைச் 'சொல்லேர் உழவர்' என்கிறது 872ஆம் குறள். ஆனால் ஏரோட்டி முடித்த பின் வரும் வேலைகளில்தான் இவ்விரு தொழில்களும் உண்மையில் நெருங்குகின்றன என்பதைத் திருவையாற்றுப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், மரபுக்கவிதை எழுதும் விவசாயி ஒருவரின் வயலில் கண்டேன்.

என் கவிதைகளைப் படித்துக் கருத்துச் சொல்லுமாறு அந்தப் பெரியவரிடம் கொடுத்தபோது, அவர் தாள்களை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, களையெடுப்பு நடந்துகொண்டிருந்த சம்பா வயலுக்கு என்னை அழைத்துச் சென்றார். பயிரோடு பயிராக நின்ற குதிரைவாலிப் புல்லை என்னால் பிரித்தறிய இயலவில்லை. நிறமும் உயரமும் அத்தனை ஒத்திருந்தன. வரப்போரம் களை பறித்துக்கொண்டிருந்த அம்மாள் ஒருவர், "இலை பிரியிற எடத்தப் பாருங்க தம்பி. சவ்வு இருந்தா பயிரு, மொழுக்குன்னு இருந்தா புல்லு" என்று ஒன்றைப் பிடுங்கிக் காட்டினார். கோரையைப் பறிக்க எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பயிரின் சாயலில் நின்று பயிருக்கிட்ட உரத்தை உண்ணும் புல்லுக்குத்தான் பழகிய கண் வேண்டும்.

அதன் பிறகே பெரியவர் தாள்களை எடுத்தார். தளை தட்டிய, அதாவது யாப்பு பிசகிய அடிகளை நான் திருத்திக்கொள்வேன் என்று நம்பி விட்டுவிட்டார். நான் மிகவும் விரும்பி எழுதியிருந்த உவமைகளைச் சுட்டி, "இவை வேறெந்தக் கவிதையிலும் இதே அழகோடு நிற்குமே தம்பி, இந்தக் கவிதையில் இவற்றுக்கு வேர் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். இன்றுவரை என் வரிகளை நான் சோதிப்பது அந்தக் கேள்வியைக் கொண்டுதான்.

ஒரு பலம் (பழைய எடையளவு) புழுதி கால் பலமாகும்படி உழுது காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாம் என்னும் 1037ஆம் குறளைச் சொல்லி, எழுதியதை உடனே திருத்தாமல் ஆறப்போடவும் அறிவுறுத்தினார். அவ்வாறு கிடந்த கவிதைகளில் மிகையான அடைமொழிகள் பிறகு தாமாகவே கண்ணில் படுகின்றன. எனினும், சில கவிதைகள் அந்த வெயிலில் கருகியும் போகின்றன என்பது என் எண்ணம். அவர் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

இந்த ஒப்புமையை அவரே ஓரிடத்தில் நிறுத்தியும் விட்டார். கவிதை பொய்த்தால் பயிர்க்கடன் நிலுவையில் நிற்பதில்லை என்பதால், நெல் விளைவிப்பவரோடு தம்மைச் சரிசமமாக வைத்து மேடையில் பேசும் கவிஞர்களை அவருக்குச் சற்றும் பிடிப்பதில்லை.